வீட்டுக்கு ஒரு மேசன்

சுனாமி எங்கள் வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோன பிறகு, பெரியகல்லாற்றில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். கடலை விட்டுத் தள்ளி, வாவிப் பக்கமாக ஒரு வளவு கிடைத்தது. கட்டுவதற்கு நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை. கரையெங்கும் ஒரே நேரத்தில் வீடுகள் எழும்பியதால், சாந்தகப்பை பிடித்தவர்களெல்லாம் மேசன்மாராகியிருந்தார்கள்.

என் கணவருக்கு ஒரு கொந்தராத்துக்காரரைப் பிடித்திருந்தது. மோட்டார் சைக்கிளில் வருவார், மரியாதையாகப் பேசுவார், எதைக் கேட்டாலும் ஓம் என்பார். அவர் கட்டிய வீடொன்றைப் பார்க்கப் போனேன். அதில் குடிவந்து ஒரு மாரிகூடக் கழியவில்லை. சுவரில் கை வைத்தால் பூச்சு மாவாக உதிர்ந்தது. வீட்டுக்காரர் குறை சொல்லவில்லை. சும்மா கிடைத்த வீடுதானே என்றார்.

கொக்கட்டிச்சோலையில் ஒரு மேசன் இருப்பதாகச் சந்தையில் சொன்னார்கள். வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனேன். அது அப்போது இயக்கத்தின் பக்கம். ஆமி, இயக்கம் என இரு தரப்புச் சோதனையையும் தாண்டவேண்டும். அவர் கட்டிய வீட்டிலிருந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேநீர் ஆறும்வரை அவரைத் திட்டினார். செலவைக் குறைக்க உப்பேறிய வாவிக்கரை மண்ணை ஏற்றிவந்து இவர்களாகவே ஒரு சுவர் எழுப்பினார்களாம். மறுநாள் வந்த மேசன் அதைத் தள்ளி விழுத்திவிட்டு, நல்ல மண் வரும்வரை வேலைக்கு வரவேயில்லையாம்.

"பொல்லாத மனிசன் கா. வாயத் திறந்தா சண்டதான்."

"வீடு ஒழுகுதா?"

"அது ஏன் ஒழுகப்போகுது?" என்றார் கோபம் குறையாமல்.

அன்றே மேசனுடைய வீட்டுக்குப் போய் வேலையைப் பேசி முடித்தேன். கணவருக்கு அது பிடிக்கவில்லை. வளவில் கால் வைத்த முதல் நாளே, நாங்கள் குவித்து வைத்திருந்த கடல்மண்ணைக் கண்டு, இதை எடுக்காவிட்டால் போகிறேன் என்றார் மேசன். கணவர் மண்ணை எடுப்பித்தார். அதன் பிறகு மேசனோடு பேசுவதில்லை.

சுவர்கள் கூரை மட்டத்துக்கு வந்திருந்தபோது படுவான்கரையில் சண்டை தொடங்கியது. மேசன் வருவது நின்றுபோனது. ஒரு காலை, மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும், கையில் இரண்டு மூட்டைகளோடு வளவில் நின்றார்.

"தங்கச்சி, முகாம்ல சனம் நிறைஞ்சி வழியுது. கொஞ்ச நாளைக்கு இதுக்குள்ள இருக்கட்டா?"

நான் வாய் திறக்குமுன் கணவர் கொட்டிலுக்குள் போய்த் தறப்பாளை எடுத்துவந்தார். இருவரும் சேர்ந்து அதைச் சுவரின் மேல் இழுத்துக் கட்டினார்கள்.

எங்கள் அறையாகவேண்டிய இடத்தில் அவர்கள் சமைத்தார்கள், படுத்தார்கள். பகலில் அவர் வேலை செய்தார். சண்டை பிடிக்கவில்லை, எதைச் சொன்னாலும் தலையாட்டினார். எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. ஓடு போட்டு முடிந்த கையோடு படுவான்கரைச் சனங்களைத் திரும்பிப் போகச் சொன்னார்கள்; மேசனின் குடும்பமும் போனது. அவருடைய சொந்த வீட்டில் ஒரு சுவர்தான் மிஞ்சியிருந்தது என்று பிறகு அறிந்தோம்.

நாங்கள் மண் தரையிலேயே குடிபுகுந்தோம். வேறு மேசனைப் பிடித்துத் தரையை முடிக்கலாம் என்று பலர் சொன்னார்கள். கணவர்தான் வேண்டாமென்றார். அவர் முதலில் தன் வீட்டைக் கட்டட்டும் என்றார்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் மேசன் சைக்கிளில் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். தரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் மண்ணை நனைத்து இறுக்காமல் என்ன செய்தீர்கள் என்று கணவரை ஏசத் தொடங்கினார். கணவரும் விடவில்லை. நான் தேநீர் வைக்கப் போனேன்.