லிஃப்ட் வரை போய் வழியனுப்பினேன்

வேளாங்கண்ணிக்கு வந்தபோது நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் தங்கிய யாழ்ப்பாணத்துத் தோழி ஜெசிந்தா, பாரிஸைச் சுற்றிக் காட்ட என்னை அழைத்திருந்தாள். அங்கே தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் நான்காம் மாடியில் அவள் வீடு.

மூன்றாம் நாள் காலை அவள் அரைநாள் வேலைக்குக் கிளம்பினாள். "பின்னேரம் மாதா கோயில் பாப்பம் அக்கா. மகன் எழும்பினா பால் குடுங்கோ" என்றாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, நம் ஊர் வழக்கப்படி லிஃப்ட் வரை போய் வழியனுப்பினேன். லிஃப்ட் இறங்கியதும் பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வெளிப்புறம் திருகக் கைப்பிடியே இல்லை. சாவியும் போனும் உள்ளே. ஒன்றரை வயதுக் குழந்தையும் உள்ளே.

செருப்பில்லாமல் படியிறங்கித் தெருவுக்கு ஓடினேன். ஜெசிந்தாவைக் காணோம். கீழே மளிகைக்கடைத் தமிழர், "என்னக்கா, ஏன் அழுறியள்?" என்றார்.

"கதவு சாத்திக்கிச்சுங்க! பாப்பா உள்ள, அடுப்புல பாலு!"

"ஜெசிந்தாவின்ர பிள்ளையோ? ஐயோ!" என்று கடையை அப்படியே விட்டு ஓடி, மெட்ரோ வாசலில் அவளைப் பிடித்துவிட்டார்.

அவள் ஓடிவந்து தன் சாவியால் கதவைத் திறந்தபோது, பால் தீய்ந்து வீடெல்லாம் புகை. குழந்தை தொட்டிலைப் பிடித்து நின்று இருமி இருமி அழுதான். நான் அடுப்பை அணைத்தேன்; ஜெசிந்தா அவனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல்களைத் திறந்தாள். குழந்தையின் அழுகை அடங்கியபின், "இந்தக் கதவு தானாப் பூட்டுமெண்டு நான்தான் சொல்ல மறந்திட்டன் அக்கா" என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இப்போது யார் வீட்டில் தங்கினாலும் பெட்டியை இறக்குமுன் கதவு எப்படிப் பூட்டும் என்று கேட்டுவிடுகிறேன். வழியனுப்பும் வழக்கத்தை விடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சாவியோடு போகிறேன்.