வீடு தூரமாகிப்போன எங்கள் அண்ணன்

அண்ணன் எங்கே காலமானார் என்று கேட்பவர்களுக்கு, ஓராண்டு ஆகியும் எங்களால் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா என்று கேட்கிறார்கள். இரண்டிலும் இல்லை. பஸ் டிப்போவின் ஓய்வறையில், காக்கிச் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. அது எப்படி நேர்ந்தது என்பதை உறவினர்களும் நண்பர்களும் அறிய வேண்டும் என்றுதான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்ததும் வளர்ந்ததும் பெங்களூர் ஜோகுபாளையத்தில். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் அப்பா அங்கே ‘வட்டாரம்’ என்று சொல்லும் ஒண்டுக்குடித்தன வளாகம் ஒன்றில் குடியேறினார். ஒரே முற்றத்தைச் சுற்றி ஓட்டு வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு நகரப் பேருந்தில் கண்டக்டரானார். பள்ளிப் பிள்ளையாக இருந்த என்னைப் படிக்க வைத்தார். நான் ஆசிரியை ஆனது அவருடைய சம்பளத்தில்.

வட்டாரத்தின் ஓனர் கன்னடக்காரர், பெரிய மனிதர். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரத்தின்போது தமிழ்க் குடும்பங்கள் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே நடுங்கிக் கிடந்தோம். அவர் வெளி கேட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். யார் வந்து கேட்டாலும், “எல்லாரும் எங்க வீட்டு ஜனங்கதான், போங்க” என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பினார். அதனால்தான் பின்னால் நடந்தது எங்களுக்கு அப்படியொரு அதிர்ச்சியாக இருந்தது.

அவர் காலமானபின் சில ஆண்டுகளில் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. மகன்கள் வட்டாரத்தை ஒரு பில்டருக்கு விற்றார்கள். ஒவ்வொரு குடும்பமாகக் காலி செய்தது. அண்ணன் மகள் அருணாவுக்கு அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை. “பரீட்சை முடியற வரைக்கும் இருங்கண்ணா, நான் சொல்லிக்கறேன்” என்று ஓனரின் மூத்த மகன் வாக்குக் கொடுத்திருந்தார்.

பரீட்சைகளுக்கு நடுவே ஒரு மதியம், அருணா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணியும் நானும் அடுப்படியில் இருந்தோம். தலைக்கு மேல் கடகடவென்று சத்தம். மண் கொட்டியது. திடீரென்று அருணாவின் புத்தகத்தின் மேல் வெயில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் ஒரு ஓட்டை, அதில் ஒரு மனிதரின் முகம்.

“ஐயோ, உள்ள ஆளு இருக்கீங்களா? காலி வீடுன்னு சொல்லித்தானே எங்களைக் கூட்டியாந்தாங்க!” என்றார் அவர், தமிழில். தர்மபுரியிலிருந்து வேலைக்கு வந்தவர். எங்களைவிட அவர்தான் அதிகமாகப் பதறினார். கீழே நின்ற சூப்பர்வைசரோ, “நிறுத்தாதே, ஓடுகளைக் கழட்டு” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் காலை டூட்டி முடித்து, தோளில் பையோடு அண்ணன் வந்தார். கூரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர்களுடைய ஏணியிலேயே ஏறிப்போய்ச் சுவரின் மேல் உட்கார்ந்தார்.

“எம் பொண்ணுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை. எல்லாப் பரீட்சையும் முடியற வரைக்கும் இந்த ரூம் மேல கூரை இருக்கணும். இல்லன்னா ஓட்டோட சேத்து என்னையும் எறக்குங்க” என்றார் கன்னடத்தில்.

“கவர்மெண்ட் யூனிஃபார்ம் போட்டுட்டு இப்படிச் செய்யலாமா சார்?” என்றார் சூப்பர்வைசர்.

“யூனிஃபார்ம்ல இருக்கறதாலதான் சத்தம் போடாமப் பேசறேன்.”

தெருவே கூடிவிட்டது. சூப்பர்வைசர் யாரையோ கேட்டு வருவதாகச் சொல்லிப் போனார், திரும்பவில்லை. அந்தத் தர்மபுரிக்காரரும் அவருடைய ஆட்களும் யாரும் சொல்லாமலே அந்த ஒரு அறைக்கு மட்டும் ஓட்டைத் திரும்ப அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மற்ற இடமெல்லாம் வானம் தெரிந்தது.

கீழே இறங்கியதும் அண்ணன் தண்ணீர் கேட்டார். “ஓனரோட மூத்த பையன் சின்னதுல எம் மடியில உக்காந்து சாப்பிட்டவம்மா. ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம்ல?” என்று என்னைக் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. அருணா முதல் வகுப்பில் தேறினாள்.

அல்சூர், டொம்லூர், பழைய மதராஸ் ரோடு என்று வீடு தேடி அலைந்தார். கேட்ட வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் ஒரு கண்டக்டரின் சம்பளம் எட்டவில்லை. தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் ஓசூர் ரோட்டில் சந்தாபுராவில்தான் ஒரு வீடு அமைந்தது. அடுத்த ஆண்டே எனக்கு ஓசூரில் திருமணம் செய்துவைத்தார்.

விடியுமுன் கிளம்பும் முதல் பஸ்ஸில் அவருக்கு டூட்டி. அந்த நேரத்துக்கு டிப்போ போய்ச்சேரச் சந்தாபுராவிலிருந்து வண்டி கிடையாது. அதனால் முந்தைய நாள் மாலையே போய் அங்கேயே படுத்துக்கொள்வார். முதலில் வாரத்தில் ஓரிரு நாள்தான். போகப் போக, வார விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருபவராக ஆகிவிட்டார். வீட்டுக்கு அருகில் மாற்றல் கேட்டார், கிடைக்கவில்லை. “உங்க அண்ணன் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறாரு சாந்தி” என்று அண்ணி என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

கடைசி மாதத்தில் அவருக்கு அடிக்கடி மார்பு வலித்திருக்கிறது. அவருடைய பஸ்ஸின் டிரைவர் நஞ்சப்பா அவர்கள் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார். “லீவு அன்னைக்குப் போறேன்” என்றாராம். லீவு அன்றைக்கு வீட்டுக்குத்தான் வந்தார். டேங்கர் லாரித் தண்ணீர் பிடித்து டிரம்களை நிரப்பினார். அருணாவோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வலியைப் பற்றி எங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்று விடிகாலையில் அண்ணிக்குப் போன் செய்தவர் நஞ்சப்பாதான். “அம்மா, அவரு எந்திரிக்க மாட்டேங்கிறாரு” என்றிருக்கிறார். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்றுதான் அண்ணி நினைத்தார். “மூஞ்சில கொஞ்சம் தண்ணி தெளிங்க, எந்திரிச்சிடுவாரு” என்று பதில் சொன்னார். மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டபிறகும் அவருக்குப் புரியவில்லை. எனக்குப் போன் செய்து, “எதுக்கு அழறாங்க?” என்று கேட்டார். நான் உடனே ஓசூரிலிருந்து கிளம்பினேன்.

இதற்கு மேலும் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் உடலைப் பெற்று, சந்தாபுராவுக்குக் கொண்டுபோகக் கிளம்பினோம். வீட்டின் ஓனர் போனில் அருணாவை அழைத்தார். கடுமையாகப் பேசவில்லை. “தப்பா நெனைக்காதம்மா. புது பில்டிங். மத்த குடித்தனக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. பாடியை இங்க கொண்டுவர வேணாம்” என்றார். என்ன செய்வது என்று தெரியாமல் நாங்கள் ஆம்புலன்ஸ் அருகில் நின்றோம். மாதம் தவறாமல் வாடகை கொடுத்த மனிதருக்குக் கடைசியாகப் படுக்க ஒரு வாசல் இல்லை. அண்ணி அழுவதைக்கூட நிறுத்திவிட்டு எங்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்தார்.

நஞ்சப்பா முன்னால் வந்தார். டொம்லூரில் அவருக்கு ஒரு சிறிய சொந்த வீடு. “எங்க வீட்டுக்குக் கொண்டாங்க. அங்க எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்காரு. யாரு என்ன சொல்லுவாங்க, நான் பாத்துக்கறேன்” என்றார்.

அந்த வீட்டின் முன்னறையில்தான் அண்ணனைக் கிடத்தினோம். நஞ்சப்பாவின் மனைவி தலைமாட்டில் விளக்கேற்றி, அண்ணியின் கையைப் பிடித்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தார். டிப்போவிலிருந்து ஷிஃப்ட் ஷிஃப்டாக ஆட்கள் வந்தார்கள். சாதி, மொழி பார்க்காமல் தோள் கொடுத்தார்கள். ஜோகுபாளையத்திலிருந்து சிதறிப்போன பழைய குடித்தனக்காரர்களும், எங்கெங்கோ இருந்து இரண்டு மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள்.

நஞ்சப்பா தம்பதியருக்கும், டிப்போ நண்பர்களுக்கும், வெகுதூரம் வந்து கலந்துகொண்ட உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறது. பட்டப்படிப்பை முடித்து வேலையில் சேர்ந்திருக்கும் அருணாவை வாழ்த்த வேண்டுகிறேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பின்னட்டையில் அண்ணியின் சந்தாபுரா முகவரியை அச்சிட்டிருக்கிறோம். மலர் அச்சுக்குப் போன பிறகுதான், ஐ.டி. கம்பெனிக்காரர்கள் கூடுதல் வாடகை தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று ஓனர் சொல்லியிருக்கிறார். கடைசிப் பக்கத்தை மட்டும் நிறுத்தி இதைச் சேர்க்கச் சொன்னேன். அன்புகூர்ந்து அந்த முகவரிக்கு யாரும் எழுத வேண்டாம். புது முகவரி இன்னும் எங்களுக்கே தெரியாது.

தங்கை சாந்தி
ஓசூர்