அப்பாவுக்கு வாங்கிய குவார்ட்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சிகந்தராபாத்தின் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டைத் தாண்டி வடக்கே ஒரு மணி நேரம் போனால் வரும் ஒரு மண்டலத்தின், அதாவது தாலுகாவின், கிராமங்களில், இந்த ஊரில் ஏன் இவ்வளவு பேர் குடிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். ஒரு தொண்டு நிறுவனத்தின் வேலை. என்னைச் சேர்த்துக்கொண்டது என் படிப்புக்காக இல்லை. தெலுங்கும் இந்தியும் தடுமாறாமல் பேசுவேன் என்பதற்காகத்தான். சிகந்தராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழச்சிக்கு அது ஒரு பெரிய சாதனையும் இல்லை.

கேள்வித்தாளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். 'உங்கள் ஊரில் மது கிடைப்பது எளிதா, ஓரளவு எளிதா, கடினமா' என்று ஒரு கேள்வி. முதல் நாளே ஒருவர் சிரித்துவிட்டார். போன் செய்தால் பைக்கில் வந்து வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், இதில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவாய் என்று கேட்டார். மளிகைக் கடைக்காரர் குளிர்பானம் வைக்கும் பெட்டியிலேயே அடித்தட்டில் பீர் வைத்திருந்தார். மாலை ஆறு மணிக்கு மேல் ஊருக்குள் பஸ் வராது. நூலகம் என்று பலகை மாட்டிய கட்டடத்தில் யாரோ உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். விளக்கு எரிந்த இடம் கள்ளுக்கடை ஒன்றுதான். நிலத்தை ப்ளாட் போட விற்றவர்கள் கையில் பணமும் எதிரே நீண்ட பகலுமாக அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கள்ளில் ஏதோ பவுடர் கலக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். இரண்டு நாள் குடிக்காவிட்டால் கை நடுங்கி, கண்டபடி பேசி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்படி ஆகிவிடுகிறது. பழகிய ஆளைக் குறை சொல்வதற்கு முன்னால் பழக்கிய ஊரைப் பார்க்க வேண்டும் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததாக நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி.

கள்ளுக்கடைக்கு வெளியே அவித்த முட்டை விற்கும் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் கணவன் மூன்று மாதம் கள்ளைத் தொடாமல் இருந்திருக்கிறான். மாமனார் இறந்த மூன்றாம் நாள், செத்தவருக்குச் சோறும் கறியும் கள்ளும் படைத்துக் காக்கைக்கு வைக்கும் சடங்கு. படைத்த கள்ளில் ஒரு வாய் மகன் குடிக்க வேண்டுமாம். குடித்தான். அதோடு மூன்று மாதமும் போயிற்று.

"யார் ஊற்றிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"நான்தான் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன்" என்று தெலுங்கில் சொன்னாள்.

கேள்வி கேட்கப் போகிறவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் பத்து முறை சொல்லியிருந்தார்கள். எனக்கு எங்கே பொறுமை? உனக்குப் புத்தி இருக்கிறதா, விட்டவன் கையில் நீயே கொண்டுபோய்க் கொடுப்பாயா என்று ஒரு பிடி பிடித்தேன். அவள் முட்டை ஓட்டை உரித்தபடியே, "செத்தவருக்கு வைக்காமல் எப்படி அம்மா இருக்க முடியும்?" என்றாள். மூடநம்பிக்கை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, 'குடியை ஊக்குவிக்கும் சடங்குகள் உண்டா' என்ற கேள்விக்கு 'உண்டு' என்று அழுத்தமாக டிக் போட்டேன்.

இது நடந்தபோது என் அண்ணன் குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

அண்ணன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அப்பாவும் அதே ஒர்க்‌ஷாப்தான். அப்பா குடித்தே செத்தார். அதை மழுப்பிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, ஐம்பத்தாறு வயதில் போனார். அண்ணனும் அதே வழியில் பாதி தூரம் போய்த் திரும்பியிருந்தார். அந்த எட்டு மாதத்தில் அவர் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நின்று, பாப்பா என்று நாங்கள் கூப்பிடும் மகளுக்கு எட்டும்படி குனிந்து முகத்தைக் கொடுப்பார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஹவ், ஓகே" என்று ஹைதராபாத் இந்தியில் ஆமாம் போட்டு வழிவிடுவாள். பதினேழு வயதுப் பெண். தமிழ் புரியும், பதில் மட்டும் இந்தியிலோ இங்கிலீஷிலோதான் வரும். முதலில் அது விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அது அந்த வீட்டின் பூட்டும் சாவியும் ஆகிவிட்டது. தன் அப்பாவிடம் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தவள், அமீர்பேட் கோச்சிங் கிளாஸுக்கு அவர் ஸ்கூட்டரில் போய் வர ஆரம்பித்திருந்தாள். அண்ணி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். எங்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே பயம், இது நிலைக்குமா என்பதுதான்.

மாசியில் அப்பாவின் நினைவு நாள் வந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் இதுதான். அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டு, கறிக்குழம்பு, கருவாடு, வடை, அவர் பிடித்த பீடிக்கட்டு, பிராந்தி ஒரு குவார்ட்டர் எல்லாம் வைப்போம். பிராந்தியை அவருடைய சில்வர் டம்ளரில் ஊற்றி வைக்க வேண்டும். கற்பூரம் காட்டியதும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். செத்தவர் வந்து சாப்பிடும் நேரம் அது. கொஞ்ச நேரம் கழித்து மூத்த மகன் மூன்று முறை கதவைத் தட்டிவிட்டு முதலில் தனியாக உள்ளே போவான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள்.

ஒரு வாரம் முன்னாலேயே அண்ணி என்னிடம் தனியாகச் சொன்னாள். "இந்த வருஷம் பாட்டில் நக்கோம்மா, வேணாம். கறி வெச்சாப் போதும். மாமா கோச்சுக்க மாட்டாரு."

"வருஷத்துல ஒரு நாள் அண்ணி. அது இல்லாம அப்பாவுக்கு இன்னா படையல்? அண்ணன் ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல."

"எனக்கு பயமா கீதும்மா."

"நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதைச் சொல்கிறேன். வழக்கமாக அண்ணன்தான் போய் பாட்டில் வாங்கி வருவார். கடை வாசலை மிதிப்பதுதான் ஆபத்து என்று நான் அந்த மண்டலம் பூராவும் எழுதி வாங்கிக்கொண்டு வந்தவள் இல்லையா? கடைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் என்று ஒரு கேள்வியே இருந்தது. அதனால் அண்ணனைக் கடைப்பக்கம் விடக் கூடாது என்று தீர்மானித்தேன். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நானே வைன்ஸ் கடைக்குப் போனேன். ஆண்கள் வரிசையில் நின்று, அப்பா குடித்த அதே பிராந்தியைப் பேர் சொல்லி வாங்கி, கைப்பையில் கேள்வித்தாள்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை எனக்கு. முட்டை விற்ற பெண்ணின் நினைப்பு ஒரு நொடிகூட வரவில்லை. அவர்களுடையது மூடநம்பிக்கை. எங்களுடையது அப்பா.

அன்று மதியம் படையல் போட்டோம். டம்ளரில் நான்தான் ஊற்றினேன். அண்ணன் கையால் ஊற்ற வேண்டாம் என்று அதிலும் ஒரு ஜாக்கிரதை. ரயில்வே குவார்ட்டர்ஸின் சின்ன அறை, ஒரே ஜன்னல். ஊற்றிய உடனே வாடை அறை முழுக்க நிறைந்தது. அண்ணன் கற்பூரத் தட்டோடு நின்றார். அவர் படத்தைப் பார்க்கவில்லை, டம்ளரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நின்றோம். பிறகு அண்ணன் மூன்று முறை தட்டிவிட்டு உள்ளே போனார். எப்போதும் போன வேகத்தில் "வாங்க" என்று கூப்பிடுவார். அன்று கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு குக்கர் நாலு விசில் அடித்து ஓய்ந்தது. அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். நான் கதவைப் பார்த்தேன். அண்ணனாகத்தான் கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையில் டம்ளர் காலியாக இருந்தது.

"அப்பா குடிச்சிட்டாரு" என்றார்.

மகள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள். எட்டு மாதமாக நின்ற அதே மாதிரி, முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். அவர் குனியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மறுநாளிலிருந்து கோச்சிங் கிளாஸுக்கு மெட்ரோவில் போக ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்ன நடந்தது என்பது குடிகாரர்கள் இருக்கும் எந்த வீட்டுக்கும் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அண்ணி என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சித்திரையில், ஒர்க்‌ஷாப் வாசலிலேயே விழுந்து கிடந்தவரை இரண்டு பேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டார்கள். மறுநாள் அண்ணியும் நானும் அவரை நகரத்துக்கு வெளியே, முன்பு அவர் குடியை விட்ட அதே மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம்.

அங்கே ஒரு கவுன்சலர் பெண், தெலுங்கில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். மறுபடி குடித்தது எந்த நாள், எந்த இடம். அண்ணன் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

"அந்த பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார்?"

"நான்தான். நானே போய் வாங்கினேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கூப்பிட்டு அந்தப் பெண் வெளியே போனாள்.

"ஏண்ணா பொய் சொன்ன?" என்றேன்.

"சும்மா இரு."

"என்னைக் காப்பாத்தறியா? உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"உன்னக் காப்பாத்தல" என்றார் அண்ணன். கை நடுக்கம் தெரியாமல் இருக்க, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தார். "பாட்டில் கொண்ணாந்து குடுத்தவங்கள முப்பது நாளைக்கு இங்க உள்ள விட மாட்டாங்க. போன தபாவே பாத்தேன். நீயும் வரலன்னா உங்க அண்ணிய வுட்டா என்னைப் பாக்க யாரு வருவா? பாப்பா வருமா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. கிராமம் கிராமமாகப் போய் உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் நன்மைக்குத்தான் என்று எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். அவர்களும் என் முகத்தை நம்பிச் சொன்னார்கள். கவுன்சலர் பெண் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன். வாங்கியதும் நான், டம்ளரில் ஊற்றியதும் நான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. ஏற்கெனவே எழுதியதை அடித்துவிட்டு என் பெயரைக் கேட்டு எழுதினாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கிளம்பும்போதும் திரும்பவில்லை.

இப்போது அண்ணன் எப்படி இருக்கிறார் என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். நேற்று வரை குடிக்கவில்லை. அதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது. படையலில் இப்போது பாட்டில் இல்லை. அதற்காக அப்பா கனவில் வந்து கோபித்துக்கொள்ளவும் இல்லை.

ஆனால் அந்த முப்பது நாள் எனக்கு மறக்காது. பார்க்க விடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நாலு ஞாயிறும் அண்ணியோடு இரண்டு பஸ் மாறி அவ்வளவு தூரம் போவேன். சோற்றுக் கேரியரோடு அண்ணி உள்ளே போவாள். நான் கேட்டுக்கு வெளியே, செங்கல் குவியல் மேல் உட்கார்ந்திருப்பேன். வீட்டிலேயே இருக்கலாமே என்று அண்ணி சொல்லிப் பார்த்தாள். என்னால் முடியவில்லை. அண்ணன் என் மேல் கோபமாக இருக்கிறாரா என்று அண்ணியிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

நாலாவது ஞாயிறு காலி கேரியரோடு வெளியே வந்த அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன்னக் கேட்டாரு" என்றாள்.

"இன்னா சொன்னீங்க?"

"வாசல்லதான் குந்தினு கீது, ஒரு வாரம் தவறாம வருதுன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"எனக்குத் தெரியும், மாடி ஜன்னல்லருந்து பாத்துனுதான் கீறேன்னாரு." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வெயில்ல கல்லு மேல குந்த வேணாம், அந்த வேப்ப மரத்தாண்ட போய் குந்தச் சொல்லுன்னாரு. அங்கயும் ஜன்னல்ல தெரியுமாம்."

பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் எழுந்து மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன்.