சுடலைச்செல்வி கேட்ட ரத்தம்

எந்திரத்தில் உட்காருமுன் சுடலைச்செல்வி சுற்றியிருக்கிற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துப் பெயர் சொல்லிவிடுவாள். புதியம்புத்தூரின் அந்தத் தையல் கூடத்தில் இது தினப்படி நடப்பு. "ஏட்டி, டீச்சர் வந்துட்டாவ, எந்திச்சு ஆஜர் சொல்லுங்க" என்று சொர்ணத்தாய் கேலி பண்ணுவாள். "ஒம் பேரு என்னைக்கு வாயில வரலையோ, அன்னைக்கு டாக்டரம்மாவுக்குப் போன் போடணும்டீ. அதுவரைக்கும் கூப்பிடத்தான் செய்வேன்" என்று பதில் வரும். பிறகு சட்டைக் காலரைத் திருப்பி, முனையைக் குச்சியால் நிமிண்டிக் கூராக்குவதில் இறங்கிவிடுவாள். அவள் தைத்த காலரைப் பிரித்துத் தைக்கச் சொல்லி யாரும் நீட்டியதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சமும் இல்லை.

சொந்த ஊர் எட்டயபுரத்துக்குத் தெற்கே, கரிசல்காட்டுக்குள். அவளுடைய அய்யா நாற்பது தாண்டியதும் ஒரு பக்கம் இழுத்து விழுந்தார். எழுந்து நடமாடினார், மறுபடி விழுந்தார். கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே யாரென்று கேட்டார். அவரைப் பெற்றவரும் அப்படித்தான் போனார். ஊர் அதை மறந்துவிட்டு, 'சீனித்தாய் காலெடுத்து வச்ச ராசி' என்று அவள் அம்மாவைச் சொன்னது. அம்மா விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

செல்விக்கு ஒற்றைத் தலைவலி வரும். வருமுன் கண்ணுக்குள் மத்தாப்பு வளைந்து வளைந்து எரியும். கோவில்பட்டி டாக்டர் மாத்திரை கொடுத்ததோடு விடாமல் அய்யாவின் கதையையும் கேட்டார். ஸ்கேன், மரபணுச் சோதனை என்று அனுப்பிவைத்தார். மூளையின் மிகச்சிறு ரத்தக் குழாய்கள் சுவர் தடித்துச் சுருங்கும் நோய். பெற்றவர் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குணமாக்க இன்னும் மருந்து கிடையாது. செல்வி இதையே வேறு மாதிரிச் சொல்வாள்: "சொட்டுநீர்க் குழாயில உப்புப் படியும்லா, அந்த மாதிரி. மோட்டார் நல்லாத்தான் ஓடும். கடைசிச் செடிக்குத் தண்ணி போவாது."

முடிவு தெரிந்த அன்றே ஊருக்கு பஸ் ஏறினாள். தெருக்குழாயடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். தணிந்த குரலில்தான் சொன்னாள்: "எனக்கும் இருக்கு. எங்கய்யா ரத்தத்துல வந்தது. எங்கம்மா கால்ல வரல." அடுத்து வந்த கல்யாணத்துக்கு அம்மாவைப் பட்டுச்சேலை கட்டவைத்துக் கூட்டிப்போய், முன்வரிசையில் உட்காரவைத்தாள்.

இந்த நோயை ஆராயும் சுதாராணி டாக்டரின் குழுவுக்குச் செல்வியின் அய்யா வழிக் குடும்பத்தின் அத்தனை கிளைகளிலிருந்தும் ரத்தம் வேண்டியிருந்தது. திருப்பூர், சிவகாசி, பம்பாய் என்று சிதறிக் கிடக்கிறவர்கள் ஒன்றுசேர்வது சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டுந்தான். கொடை முடிந்த மறுநாள் காலை, கோயில் பந்தலிலேயே மேசை போடச் சொன்னவள் செல்வி. சம்மதத்தாளை நீட்டியதும் வரிசை பின்வாங்கியது. பூர்வீக நிலத்தை எழுதி வாங்குகிறார்கள் என்று ஒரு கிழவர் கிளப்பிவிட்டார்.

செல்வி நாற்காலிமேல் ஏறி நின்றாள். "நேத்து கெடா மேல தண்ணி தெளிச்சோம்லா? அது சம்மதம்னு ஒடம்பத் துலுக்குன பெறகுதான அருவாள எடுத்தோம்? இவியளும் அப்படித்தான். நீங்க துலுக்காம ஊசி எடுக்க மாட்டாவ. வேண்டாம்னா எந்திச்சுப் போயிரலாம்." பந்தலே சிரித்தது. வரிசை மறுபடி நின்றது.

அய்யாவின் தம்பி சாமித்துரை மட்டும் வரவில்லை. அறுபது கடந்தும் உழவுக்குப் போகிற ஆள். கோயிலுக்குக் கிடா வெட்டுகிறவரும் அவர்தான். மணியாச்சியிலிருந்து அவர் மகளைப் பெண்கேட்டு வந்தவர்கள் பந்தலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்முன்னே கையை நீட்டினால் சம்பந்தம் முறிந்துபோகுமென்று அவருக்குப் பயம். "நல்லா இருக்கவன் கைய எதுக்குக் குத்தணும்?" என்றார்.

"நல்லா இருக்கதுனாலதான் சின்னையா." அவருக்கும் அந்தக் கோளாறு இருந்து, அதையும் மீறி அவர் திடமாக இருந்தால், எது அவரைக் காக்கிறது என்று தேடலாம். நோய் வர வாய்ப்புள்ள அவள் பிள்ளைகளுக்கும் அது உதவலாம். யாருடைய முடிவையும் அடுத்தவரிடம் சொல்லமாட்டார்கள் என்பதையும் விளக்கினாள்.

"நான் துலுக்கல" என்று எழுந்து போய்விட்டார்.

செல்வியின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் பின்னால் போகவில்லை. 'இன்னொருக்காப் பேசிப் பாரேன்' என்ற டாக்டரிடம், கேட்டாச்சு, இனிக் கேட்டால் அது கேட்பதாகாது என்று சொல்லிவிட்டாள்.

வெயில் ஏறி, மேசையை மடக்கும் நேரத்தில் சாமித்துரை வந்தார். கறிக் கூறு போட்ட கையைக் கழுவியிருந்தார். மணியாச்சிக்காரர்கள் இன்னும் போகவில்லை. அவர்களைத் தாண்டி நடந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இதுனால ஒம் பிள்ளைகளுக்கு மருந்து கெடைச்சிருமா?"

"தெரியாது சின்னையா. கெடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவர் பேனாவை வாங்கினார். தாளில் கையெழுத்துப் போட்டு, சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். ஊசியின் உறையைக் கழற்றியதும் அந்தப் பெரிய கை நடுங்கியது. நெற்றி வேர்த்தது. பந்தலில் யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள்.

செல்வி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சின்னையாவின் பின்னால் போய் நின்று, அவர் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்து, இரண்டு கண்களையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.