நீவெஸ் பார்த்துச் சொன்னவை

இத்தாலியின் கார்ப்பி ஊரில் நீவெஸைத் தெரியாதவர்கள் குறைவு. பின்னலாடைத் தொழிற்சாலையில் கழுத்துப் பட்டி தைக்கும் மேசைக்குப் பதினாறு வயதில் வந்தவள், அதே மேசையிலிருந்துதான் ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ள இருந்தது எர்மெஸ் என்ற மெக்கானிக்கை. துணி எடுத்தாகிவிட்டது, கோயிலில் நாள் சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் பக்கத்து மேசை யோலாண்டாவோடு அவன் போனான். யோலாண்டா நீவெஸின் உயிர்த்தோழி. தோழிப்பெண்ணாக அருகில் நிற்க வேண்டியவளும் அவள்தான்.

வேறு யாராவது என்றால் ஊரைவிட்டே போயிருப்பார்கள். நீவெஸ் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சதுக்கத்து வளைவுகளின் கீழ் அந்த இருவரும் கைகோத்து நடக்கும்போது வேண்டுமென்றே எதிரே வருவாள். வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தாண்டுவாள்.

"நான் எதுக்கு ஒளியணும்? அவங்க தின்ன சோறு செரிக்காம இருக்கட்டும்" என்பாள் தங்கையிடம்.

இப்படியே மூவருக்கும் நரைத்தது. எர்மெஸ் இதயம் நின்று செத்தான். அடக்கத்துக்கு நீவெஸ் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போனதை ஊர் வெகுநாள் பேசியது. பிறகு யோலாண்டாவின் கண்கள் கெட்டன. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். ஓரங்கள் மட்டும் மங்கலாகத் தெரியும். ஒருநாள் காலையில் கோலைத் தட்டிக்கொண்டு நீவெஸின் கதவுக்கு வந்தாள்.

"கண்ணு முழுசா அணையறதுக்குள்ள மாந்தோவா, ஃபெராரா, ரவென்னா மூணையும் சுத்திட்டு வரணும்டி. பிள்ளைங்களுக்கு நேரமில்ல. நீ வாயேன். நீ பாத்துச் சொன்னா எனக்குப் போதும்."

எர்மெஸோடு தேனிலவுக்கென்று நீவெஸ் தேர்ந்து வைத்திருந்த ஊர்கள் அவை. அவள் இல்லாமல் அந்தப் பயணம் நடக்கவேயில்லை என்றுதான் நினைத்திருந்தாள். அந்த ஜோடி ரிமினிக் கடற்கரைக்குப் போனதாக ஊரில் பேச்சு.

"வரேன்" என்றாள். கதவைச் சாத்தியதும் தனியாக நின்று சிரித்தாள். நீ பார்த்துச் சொன்னால் போதும் என்கிறாள். சொல்லிவிட்டால் போயிற்று.

மாந்தோவா அரண்மனையில் தொடங்கினாள். மணமக்கள் அறை என்று பெயர்பெற்ற அறை அது. மேலே கூரையைத் திறந்தாற்போல ஓவிய வானம். விளிம்பைச் சுற்றி நின்று பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீவெஸ் கழுத்து வலிக்க அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை.

"என்னடி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஈரம் எறங்கி எல்லாம் உதிந்துபோச்சு. வெறும் காரை."

"அடப்பாவமே" என்றாள் யோலாண்டா.

அன்று மதியம் பூசணி அடைத்த தோர்தெல்லி என்ற மாவுப் பண்டத்தை நீவெஸ் இரண்டாம் தட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஃபெராராவில் கோட்டையைச் சுற்றிய அகழி வெயிலில் மின்னியது. "தண்ணியே இல்ல. குப்பையக் கொட்டி வெச்சிருக்கானுங்க" என்றாள். வாயாலேயே அரண்மனைக் கூடங்களைச் சாக்கு போட்டு மூடினாள், சிலைகளின் மூக்கை உடைத்தாள். ஒவ்வொரு ஊரிலும் யோலாண்டா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் முகம் வாடியதா என்று நீவெஸ் ஓரக்கண்ணால் பார்ப்பாள். வாடியதாகவே தோன்றும். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது நீவெஸுக்கு.

ரவென்னாவில் அந்தச் சின்னக் கல்லறை மண்டபத்துக்குள் குனிந்து நுழைந்தார்கள். மேலே முழுக்க நீலம், நீலத்தில் பொன் நட்சத்திரங்கள். பக்கத்தில் நின்றவர்கள் மூச்சுவிட மறந்தார்கள்.

"இங்க?" என்றாள் யோலாண்டா.

"சாரம் கட்டி வெச்சிருக்கு. பலகைதான் தெரியுது."

யோலாண்டா மெதுவாகச் சிரித்தாள். "பலகையில எத்தன நட்சத்திரம்டி?"

நீவெஸ் அண்ணாந்து மறுபடி மேலே பார்த்தாள்.

"மாந்தோவாவுலயே தெரியும் எனக்கு. காரையப் பாத்தா யாராவது பெருமூச்சு விடுவாங்களா? அதுவுமில்லாம நான் இதெல்லாம் பாத்தவதானே. ரிமினின்னு ஊருக்குத்தான் சொன்னோம். வந்தது இங்க. நீ போட்டு வெச்ச அதே வழி. எர்மெஸ் எதையும் மாத்தல."

வரிசையில் அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். இருவரும் வெளியே புல்தரைக்கு வந்தார்கள்.

"அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்த?"

"நீ பாக்கணும்னுதான். உனக்குச் சேர வேண்டியதில்லையா? என் கண்ணு போறதுக்குள்ள உனக்கு இதையாவது குடுக்கணும்னு தோணிச்சு."

"எச்சித் தட்ட நீட்டுற" என்றாள் நீவெஸ். "அவனும் நீயும் தின்னு முடிச்சு, வழிச்சு நக்கிட்டு, இப்ப எனக்கு நீட்டுற."

"அப்படி இல்லடி, நீவெஸ்..."

நீவெஸ் பிடித்திருந்த கையை விட்டாள். திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள். பின்னால் அவள் பெயரை யோலாண்டா இரண்டு தடவை கூப்பிட்டாள், அதன் பிறகு கூப்பிடவில்லை. நீவெஸ் எதிரிலிருந்த காப்பிக்கடையில் உட்கார்ந்து காப்பியும், க்ரீம் வைத்த ரொட்டியும் சொன்னாள். ரொட்டியைத் துளித்துளியாகப் பிய்த்துத் தின்றாள். காப்பியைக் குடித்து முடித்தபின் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

காவல்காரர் யோலாண்டாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். "உங்ககூட வந்தவங்களாம்மா? சுவத்தப் புடிச்சுக்கிட்டே வழி தேடிட்டு இருந்தாங்க. தனியா விட்டுட்டுப் போலாமா?"

"போனேன். இப்ப வந்துட்டேன்" என்றாள் நீவெஸ்.

யோலாண்டாவின் காலுறையில் சேறு. அழுதிருந்தாள். நீவெஸ் முழங்கையைப் பற்றி எழுப்பி, ரயில் நிலையம் வரை படிகளையும் மேடுகளையும் ஒன்றுவிடாமல் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கார்ப்பியில் யோலாண்டாவின் மகனிடம் அவளை ஒப்படைத்ததோடு சரி.

அடுத்த வசந்தத்தில் நீவெஸ் தனியாக மாந்தோவா போனாள், அங்கிருந்து ரவென்னா. இந்தமுறை யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பாட்டுக்குப் பார்த்தாள்.

முடி வெட்டும் கடையில் பெண்கள் இன்னும் வாயைக் கிளறுவார்கள். "கண்ணு தெரியாதவள அப்படி நிக்க வெச்சியே, மனசு உறுத்தலியா?"

"ஒரு காப்பி குடிக்கற நேரந்தான்" என்பாள் நீவெஸ், கண்ணாடியில் தன் கொண்டையைத் திருத்தியபடி. "சாப்பாடே சொல்லியிருக்கணும்."