திரும்பி வந்த சாக்லேட் டப்பா

என் அண்ணியைப் பற்றி யாராவது "பாவம்" என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பாவமாவது மண்ணாவது! நான் பத்துப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து முடிப்பதற்குள் ஒரு பைக் டயரைக் கழற்றி, டியூபை உருவி, தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் குச்சியால் குறி போட்டுவிடுகிற மனுஷி அவள். கடை அவளுடைய அப்பா வைத்தது. என் அண்ணன் லாரி ஓட்டுகிறவன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டில் தலைகாட்டுவான். பஞ்சர் கடையும் என் ஜெராக்ஸ் கடையும் ஒரே சுவரை ஒட்டியவை. அவள் சுத்தியலால் தட்டினால் என் மிஷின் மேல் இருக்கும் காகிதக்கட்டு சரியும். அதற்காக நாங்கள் வாரம் ஒரு சண்டையாவது போடுவோம்.

அவர்களுக்கு ஒரே மகள். டயர் வால்வின் மூடிகளை வைத்தே விளையாடி வளர்ந்ததால் கடைக்கு வருகிறவர்களெல்லாம் அவளை வால்வு என்றே கூப்பிடுவார்கள். இரண்டாம் வகுப்பு. கடையில் வாய் ஓயாது. "அத்தை, உன் மிஷினுக்கு எத்தனை பல்லு? நான் போட்டோ மாதிரி வரணும்னா அதுமேல படுக்கணுமா?" என்று என் உயிரை வாங்குவாள். பள்ளியில் மட்டும் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் சொன்னபோது, வேறு யாரோ பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். போன வருஷம் ஒருநாள் அவளுடைய நோட்டு அட்டையில் ஒரு கறுப்பு விரல் தடம் இருந்திருக்கிறது. அண்ணியுடையது. வகுப்பில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டி அதைப் பார்த்துவிட்டு, "ஐயே, கிரீஸ்! இவளைத் தொட்டா ஒட்டிக்கும்" என்று கத்தியிருக்கிறது. அவ்வளவுதான், விளையாட்டு ரெடி. வால்வு மேல் பட்டவருக்குக் கிரீஸ் ஒட்டிவிட்டது என்று கணக்கு. அவர் ஓடிப்போய் இன்னொருவரைத் தொட்டு அதை அவர் மேல் தள்ளிவிட வேண்டும். விரல்களைப் பின்னிக்கொண்டு நின்றால் ஒட்டாது. வகுப்பு முழுக்க ஒரே கும்மாளம். பெஞ்சில் அவள் பக்கத்து இடம் மட்டும் காலி.

இதில் ஒன்றையும் அவள் வீட்டில் சொல்லவில்லை. வாய் கிழியப் பேசுகிற பிள்ளை, இதை மட்டும் ஒரு வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்தது! எங்களுக்குத் தெரிய வந்தது பிறந்தநாள் அன்றைக்கு. எட்டு வயது. முதல் நாள் எல்லாருக்கும் சேர்த்து முப்பத்திரண்டு சாக்லேட் வாங்கி, டப்பாவில் நானும் அவளும் அடுக்கினோம். சாயங்காலம் டப்பாவை என் மேசையில் வைத்தாள். திறந்து பார்த்தேன். ஒன்றே ஒன்று குறைந்திருந்தது, மற்றபடி அடுக்கு கலையாமல் இருந்தது.

"என்னடி, குடுக்கலையா?"

"குடுத்தேன் அத்தை. யாரும் எடுக்கல. டீச்சர் மேசை மேல வைக்கச் சொன்னாங்க. டீச்சர் ஒண்ணு எடுத்தாங்க. அப்புறம் யாரும் எடுக்கல."

துருவித் துருவிக் கேட்டதில் கிரீஸ் கதை முழுக்க வெளியே வந்தது. கேட்டுக்கொண்டே நின்ற அண்ணி கையிலிருந்த டியூபைக் கீழே போட்டாள். அப்புறம் அவள் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. மகளைத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கடையில் கை கழுவச் சோப்புத்தூளும் மரத்தூளும் கலந்து வைத்திருப்பாள், டயர் கறை போக அதுதான் வழி. அதை அள்ளி அந்தப் பிஞ்சுக் கையில் தேய்த்தாள். தேய்த்தாள், தேய்த்தாள், தோல் சிவக்கும்வரை தேய்த்தாள்.

"அம்மா, எரியுதும்மா. என் கையில ஒண்ணுமே இல்லம்மா." பிள்ளை கையை உருவிக்கொண்டு அவளை அண்ணாந்து பார்த்தது. "நீயும் அதை நம்புறியா?"

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காற்றடிக்க வந்து நின்ற பைக்காரரை "போயிட்டு நாளைக்கு வாங்க" என்று நான்தான் அனுப்பினேன். அவர் முணுமுணுத்தார். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்தேன், யார் மேலாவது எரிந்து விழ வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. கொஞ்சம் பேச வேண்டும், வரச் சொல்கிறார் டீச்சர். வழக்கமாகப் பள்ளிக்குப் போவதென்றால் அண்ணி மூன்று தரம் கை கழுவுவாள், துணி மாற்றுவாள், காற்றடிக்கும் பம்ப் கட்டிய ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவாள். மகளுக்குத் தலைகுனிவு வரக்கூடாதாம். அன்றைக்குக் கழற்றிக்கொண்டிருந்த டயரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"அண்ணி, கையாவது கழுவுங்க."

"எதுக்கு? நேத்து கழுவினது போதும். நீ வர்றதுன்னா வா."

ஜெராக்ஸ் கடையை இழுத்துச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வகுப்பறை வாசலிலேயே டீச்சர் பேச்சை ஆரம்பித்தார். உள்ளே முப்பது பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கடைசி பெஞ்சில் வால்வு தனியாக, சிவந்த கைகளைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு.

"பிள்ளைங்க விளையாட்டுதான், நாம பெருசா எடுத்துக்கக் கூடாது. இருந்தாலும் அவளைப் பக்கத்து செக்‌ஷனுக்கு மாத்திட்டா அவளுக்கும் நிம்மதி. இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

"அவ என்ன தப்பு பண்ணா, அவ மாறணும்?"

"தப்புன்னு யாரு சொன்னாங்க?"

"சரி டீச்சர், கையக் குடுங்க." அண்ணி தன் வலது கையை நீட்டினாள். நகத்தோரமெல்லாம் கறுப்பு, உள்ளங்கையில் டயர் புழுதி.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். சட்டென்று வாசலோர மேசையில் கிடந்த வருகைப் பதிவேட்டை இரண்டு கைகளாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அறைந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. சத்தியமாகச் சொல்கிறேன்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து வால்வு எழுந்து ஓடி வந்தாள். வந்த வேகத்தில் முன் பெஞ்சில் இருந்த ரெட்டைப் பின்னலின் தோளில் அவள் முழங்கை இடித்துவிட்டது. "கிரீஸ்! கிரீஸ்!" என்று வகுப்பே அலறியது. பழக்கதோஷம்! மற்ற எல்லார் கைகளிலும் விரல்கள் பின்னிக்கொண்டன. பக்கத்தில் இருந்தவள் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். ரெட்டைப் பின்னல் இந்தப் பக்கம் கையை நீட்டியது, அந்தப் பக்கம் நீட்டியது. தொட்டுத் தள்ள ஆளே இல்லை. உதடு பிதுங்கி, ஓவென்று அழ ஆரம்பித்தது.

நல்லா வேணும் என்றுதான் நான் நினைத்தேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

வால்வு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரெட்டைப் பின்னலைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் பேசுகிற அதே கணீர்க் குரலில் சொன்னாள்: "அழாத. ஒண்ணும் ஆகாது. எனக்கு ஒரு வருஷமா இருக்கு."

வகுப்பில் ஒவ்வொன்றாகப் பின்னிய விரல்கள் பிரிந்தன. டீச்சரின் முகம் செத்துப்போயிருந்தது. பதிவேட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணியின் முன் கையை நீட்டினார்.

"எனக்கு வேணாம் டீச்சர்," என்றாள் அண்ணி. "நாளைக்குக் காலையில எல்லாரும் பாக்கறப்ப அவ கையப் பிடிங்க. செக்‌ஷன் மாறாது, கையெழுத்தும் கிடையாது."

சாக்லேட்டை என்ன செய்தோம் என்கிறீர்களா? அன்று சாயங்காலம் காற்றடிக்க வந்தவர்களுக்கெல்லாம் வால்வே தன் கையால் கொடுத்தாள். முந்தின நாள் முணுமுணுத்த பைக்காரர் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணியின் ஸ்கூட்டர் தெருமுனையில் நிற்கவில்லை. பம்ப், டயர் எல்லாம் கட்டியபடி நேராகப் பள்ளி வாசலில் போய் நின்றது; போதாக்குறைக்கு நீளமாக ஒரு ஹாரன் வேறு. வாசலில் டீச்சர் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். வால்வு இறங்கி ஒரு நொடி அந்தக் கையைப் பார்த்தாள். பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள், விட்டாள். அப்புறம் இரண்டு கைகளையும் நன்றாக வீசிக்கொண்டு, தானாகவே வகுப்புக்கு நடந்து போனாள்.