சன்னல் பக்கம் இழுக்கும் டேபிள்

எங்கள் ஃபேக்டரியின் ரெக்ரியேஷன் ரூமுக்குள் நுழைந்தாலே எனக்குக் குமட்டும். ஒரு காலத்தில் அது கேன்டீனில் தட்டு கழுவும் இடம். தண்ணீர் வழிந்தோட வேண்டுமென்று தரையைச் சன்னல் பக்கம் சரித்துப் போட்டிருந்தார்கள். கேன்டீனை வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது அந்தத் தரையை இடித்துக் கட்டச் சோம்பல்பட்டு, மேலே ஒரு சிவப்புக் கம்பளத்தை விரித்து, நடுவில் ஒரு பெரிய டேபிளைப் போட்டு, தொழிலாளர் நலன் என்று சொல்லிவிட்டார்கள். கம்பளத்துக்கு அடியிலிருந்து பழைய சாம்பார் நாற்றம் இன்றைக்கும் வரும். எண்ணூர் பக்கமிருந்து காற்றடித்தால் சன்னல் இடுக்கு வழியாகச் சாம்பல் வந்து டேபிளின் பச்சைத் துணியில் படியும். ஆட்டத்துக்கு முன்னால் ஈரத் துணியால் துடைத்துப் பிழிந்தால் சாக்கடைத் தண்ணீர் மாதிரி கறுப்பாக இறங்கும். கருமம்.

ஆறு பொந்து, பதினைந்து கலர் பந்து, இடிக்க ஒரு வெள்ளைப் பந்து, கையில் நீளக் குச்சி. இந்த ஆட்டத்தின் சரியான பெயருக்கு இங்கிலீஷில் குளம் என்றும் அர்த்தம் உண்டு, ஆனால் எங்கள் ஊரில் அதைச் சத்தமாகச் சொன்னால் தமிழ்க் கெட்ட வார்த்தையாகக் காதில் விழுந்து வீட்டுப் பெண்கள் முறைப்பார்கள். அதனால் எல்லோருக்கும் அது பில்லியர்ட்ஸ்தான்.

நானும் பாயும் ஜோடி. பாய் பாய்லர் செக்‌ஷன், வண்ணாரப்பேட்டைக்காரன். நான் ஸ்டோர்ஸ், திருவொற்றியூரிலிருந்து வருகிறவன். நான் அவனைப் பாய் என்பேன், அவன் என்னை மாமு என்பான். ஃபேக்டரிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்கு வருஷா வருஷம் நாங்கள் இரண்டு பேரும் போவோம், முதல் சுற்றிலேயே தோற்போம், பஸ்ஸில் சிரித்துக்கொண்டே திரும்புவோம். பாய்க்கு அது போதும். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஃபோனில் ஒரு வெள்ளைக்காரனின் வீடியோ பார்த்தேன். இரண்டு பந்தையும் மூலைப் பொந்துக்கு நேர்கோட்டில் வைக்க வேண்டும். கலர் பந்து உள்ளே போக வேண்டும், வெள்ளைப் பந்து இடித்த இடத்திலேயே நிற்க வேண்டும். தொடர்ந்து இருபது தடவை. ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. பைத்தியம் பிடித்தது எனக்கு. ஃபைலில் ஓட்டை கிழியாமல் இருக்க ஒட்டுகிற வட்ட ஸ்டிக்கரை ஸ்டோர்ஸிலிருந்து எடுத்துவந்து, பந்து வைக்கும் இடங்களில் ஒட்டினேன். காலை ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, இடித்தேன், இடித்தேன், இடித்துக்கொண்டே இருந்தேன். நாலு மாதம்.

டேபிள் தரையோடு சேர்ந்து சாய்ந்திருந்தது. காலுக்கு அடியில் கட்டை கொடுத்தும் பார்த்தாயிற்று. கம்பளம் அமுங்கி இரண்டே நாளில் பழையபடி சாய்ந்துவிடும். நான் எப்போதும் கதவுப் பக்கம் நின்றுதான் அடிப்பேன், சன்னல் எனக்கு வலப்பக்கம். பந்து போகப் போக வலப்பக்கம் இழுக்கும். அதனால் ஒரு விரற்கடை இடப்பக்கம் குறிவைத்து அடிப்பேன், போய்ப் பொத்தென்று விழும். இருபதுக்கு இருபது. அதைப் பெரிய வித்தை என்று நினைத்தேன்.

பாய் ஒருநாள்கூடப் பயிற்சிக்கு வரவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்த நாட்களில் டீ கிளாஸோடு வந்து கதவில் சாய்ந்து நிற்பான்.

"இன்னா மாமு, அதே பந்த அதே ஓட்டைல போட்டுகினு கீற? அதுக்கே பேஜாராயிடும்பா."

"நீயும் வந்து அடிச்சா என்ன பாய்? தோத்துத் தோத்து உனக்கு வெக்கமாவே இல்லியா?"

"ஆட்டம்னா ஆடணும் மாமு. இது இன்னா, மெஷின் ஓட்ற மாதிரி."

அவன் குச்சியைப் பிடிப்பதே எனக்கு அருவருப்பாகிப் போனது. கரி படிந்த விரலால் பிடிப்பான், அப்படிப் பார்ப்பான், இப்படிப் பார்ப்பான், அடிப்பான். சில சமயம் விழும், சில சமயம் விழாது. அதற்கும் சிரிப்பான். இவனோடு போனால் என் நாலு மாத உழைப்பு நாசம் என்று தோன்றிவிட்டது. போட்டிக்கு ஒரு வாரம் இருந்தபோது, ரெக்ரியேஷன் செகரட்டரியைத் தனியாகப் பார்த்து, பாய் பயிற்சிக்கே வருவதில்லை, லேபில் ஒருவர் நன்றாக ஆடுகிறார், அவரை எனக்கு ஜோடியாகப் போடுங்கள் என்றேன். தனியாகச் சொன்னதை அந்த மனுஷன் கேன்டீனில் எல்லோர் எதிரிலும் போட்டு உடைத்தார்.

"பாய், இந்த வாட்டி நீ ரிசர்வ்ல உக்காரு. பிராக்டிஸுக்கே வர்றதில்லியாமே, உன் தோஸ்துதான் சொன்னாரு."

பாய் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

"கரெக்டுதான் சார், நான் வர்றதில்லதான்" என்றான். மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனான். நான் மீதிச் சோற்றை வாளியில் கொட்டினேன். ஆனாலும், நியாயத்தைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூ.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எழும்பூர் பக்கம் ஒரு ஏசி கிளப்பில். சாம்பல் இல்லை, நாற்றம் இல்லை, டேபிள் கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே போய் நின்ற ஐந்தாவது நிமிஷத்தில் பாயின் மனைவி வந்தாள். கையில் பெரிய ஸ்டீல் டப்பா, முகமெல்லாம் சந்தோஷம். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"அண்ணே, இவரு எப்ப ஆடுவாரு?"

அப்போதுதான் புரிந்தது. பாய் வீட்டில் சொல்லவே இல்லை. அவளுக்குப் பின்னால் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான், கட்டிய லேஸையே அவிழ்த்து மறுபடியும்.

"அடுத்த மேட்ச்ல பாப்பா" என்றேன்.

முழுப் பொய்யும் இல்லை. ஒரு மேட்சுக்கும் அடுத்த மேட்சுக்கும் நடுவில் ரிசர்வ் ஆளை இறக்கலாம் என்று விதி இருந்தது. இந்த மேட்சை ஜெயிப்பது, அடுத்ததில் நான் உட்கார்ந்து பாயை ஆட விடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். அவள் பார்க்க அவன் ஆடியே ஆக வேண்டும். அதற்கு நான் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேட்சுக்கு முன்னால் பாய் ஒரு பந்தைக் கையால் உருட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தான். "மாமு, இங்க இழுக்கல. நேரா போவுது. பாத்து அடி."

"எனக்குத் தெரியும், நீ போய் உக்காரு பாய்."

முதல் பந்து. குழந்தைகூடப் போடும். அடித்தேன். பொந்துக்கு இடப்பக்கம் விளிம்பில் மோதித் திரும்பி வந்தது. இரண்டாவதும் இடப்பக்கம். நேராக அடி, நேராக அடி என்று மனசுக்குள் கத்துகிறேன், கை கேட்டால்தானே? சாய்ந்த டேபிளில் நாலு மாதம் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். குனிந்தால் தானாக ஒரு விரற்கடை இடப்பக்கம் போய் நிற்கிறது. பிடிவாதமாகத் திருப்பினால் வலப்பக்கம் தவறுகிறது. லேப்காரர் பாவம், தனி ஆளாக இழுத்து இழுத்துக் கடைசிக் கறுப்புப் பந்து வரைக்கும் கொண்டுவந்தார். என் முறை. மூலைப் பொந்துக்கு நேராக நின்றது, வீடியோவில் இருந்த அதே நேர்கோடு. விழுந்தால் ஜெயம், அடுத்த மேட்சில் பாய். என்னை அறியாமல் பாயின் மனைவியைப் பார்த்தேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எனக்காக முணுமுணுவென்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

இடப்பக்கம் போனது. எதிராளி வந்து ஒரே தட்டில் முடித்தான்.

குச்சியை அங்கேயே முறித்துப்போட வேண்டும் போல இருந்தது. என் கையைப் பார்க்கவே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"அப்ப இவரு ஆடலியா?" என்றாள் அவள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டான். "எனக்குத்தான் நேத்துலருந்து தோள்ல புடிச்சிகினு கீதே. நான்தான் மாமுவ ஆட சொன்னேன்."

"சொல்லவே இல்லியே நீ!" என்று அவனை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வுடுங்கண்ணே. நீங்க எவ்ளோ பாடுபட்டீங்கனு எனக்குத் தெரியாதா? வூட்ல டெய்லி ஒங்க பேச்சுதான். மாமு மாதிரி ஆடறதுக்கு ஆளே கிடையாதுனு சொல்லிகினே இருப்பாரு."

பாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிசர்வில் உட்கார வைத்தது நான்தான் என்று சொல்ல அப்போது ஒரு நிமிஷம் இருந்தது. முழுசாக ஒரு நிமிஷம். அவள் டப்பாவைத் திறந்து, கறி சமோசா இரண்டை ஒரு காகிதத்தில் வைத்து நீட்டினாள். விடியற்காலையிலேயே எழுந்து செய்தாளாம்.

"முதல்ல நீங்க எடுங்கண்ணே. நல்லா கீதா?"

"நல்லா இருக்கு பாப்பா" என்றேன். வாங்கி, அவன் எதிரிலேயே, இரண்டையும் தின்றேன்.